மாவு, வேண்டிய அளவு

டிசம்பர் பிறந்ததும் நியூ ஜெர்சி, கனெக்டிகட், ரோட் ஐலண்ட் பக்கத்து இத்தாலிய வம்சாவளி வீடுகளில் ஒரு பழைய காகிதம் அலமாரியிலிருந்து இறங்கும். வெண்ணெய்க் கறை படிந்து, மடிப்பில் கிழிந்திருக்கும் அதன் தலையில் ‘எளிய அனிஸ் குக்கி’ என்று எழுதியிருக்கும். எழுதியவர் பாட்டி, அவர்கள் வழக்கில் நோன்னா. பாட்டி பொய் சொல்லவில்லை. யாருக்கு எளிது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

பட்டியலைப் பார்த்தால் சந்தேகமே வராது. மைதா, சர்க்கரை, முட்டை, வெண்ணெய், பேக்கிங் பவுடர், அனிஸ் எசன்ஸ். மேலே பூச ஐசிங் சர்க்கரையும் கொஞ்சம் பாலும். அதற்கும் மேலே தூவ, கடுகு போன்ற வண்ண மிட்டாய் மணிகள். சாக்லேட் உருக்க வேண்டாம், பாகு பதம் பார்க்க வேண்டாம். வம்பு முதல் பொருளிலேயே காத்திருக்கிறது.

மைதா எவ்வளவு? ‘மூன்று கோப்பை’ என்று காகிதத்தில் இருந்தால், பாட்டி மாவு அள்ளும்போது பேத்தி யாரோ குறுக்கே கோப்பையை நீட்டிக் கணக்கெடுத்திருக்கிறாள் என்று பொருள். இத்தாலியச் சமையல் குறிப்புகளில் அளவு வரவேண்டிய இடத்தில் ‘வேண்டிய அளவு’ என்பதுதான் வரும். அதையும் சோம்பல்பட்டு இரண்டே எழுத்தாகச் சுருக்கி விடுவார்கள். ‘உப்பு – தேவையான அளவு’ என்று படித்து வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. ஆனால் உப்பு வேறு, மைதா வேறு. முட்டை பெரிதானால் மைதா கூடுதலாகப் பிடிக்கும். வெண்ணெய் இளகியிருந்தால் இன்னும் கொஞ்சம். மாவு கையில் ஒட்டக் கூடாது, ஒட்டுமோ என்ற பயம் மட்டும் இருக்க வேண்டும். இதை எந்தக் கோப்பையால் அளப்பது?

மைதாவைக்கூடச் சமாளித்துவிடலாம். குடும்பங்களைப் பிரிப்பது அனிஸ்.

பிம்பினெல்லா அனிஸம் என்பது அந்தச் செடியின் தாவரவியல் பெயர். சீரகம், கொத்தமல்லி, ஓமம், கேரட், நம் சோம்பு எல்லாம் அதன் குடும்பத்தார். மணத்துக்குக் காரணம் அனெத்தோல் என்னும் வேதிப்பொருள். சோம்பிலும் அதுவேதான். பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலும் அதுவேதான், ஆனால் அது வேறு குடும்பத்து மரம். உறவே இல்லாத ஒருவருக்கு நம் வீட்டு முகஜாடை வாய்த்த மாதிரி. அமெரிக்காவில் கறுப்பு லிகரிஸ் மிட்டாயிலும் இந்த மணத்தைத்தான் ஏற்றுகிறார்கள். அந்த மிட்டாயைச் சிறுவயதில் துப்பியவர்கள் பெரியவர்களான பிறகும் இந்த மணத்தை மன்னிப்பதில்லை. இத்தாலியக் குடும்பத்தில் புதிதாகப் பெண்ணெடுத்த வேற்று வம்ச மாப்பிள்ளை, முதல் கிறிஸ்துமஸில் தட்டிலிருந்து குக்கியை எடுத்து முகத்தருகே கொண்டுபோகும்போது சமையலறை ஏன் சட்டென்று அமைதியாகிறது என்பது அவருக்குப் புரியாது. எல்லோரும் அவர் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எசன்ஸா, எண்ணெயா என்று இன்னொரு வழக்கு உண்டு. எசன்ஸ் பெரும்பாலும் ஆல்கஹால்தான். கரண்டிக் கணக்கில் ஊற்றலாம். அனிஸ் எண்ணெய் அதைவிடப் பல மடங்கு வீரியம். சொட்டுக் கணக்கில்தான் விட வேண்டும். எசன்ஸ் அளவுக்கு எண்ணெயை ஊற்றினால் கிடைப்பது குக்கி அல்ல, இருமல் மாத்திரை. மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. அது இரண்டையும் ஒதுக்கிவிட்டு அலமாரியிலிருந்து அனிசெட் மதுவை எடுக்கும். மாவுக்கு ஒரு கரண்டி, பிசைகிறவரின் காபிக்கு ஒரு கரண்டி. இக்கட்டுரையாளரின் வாக்கு இந்தக் கட்சிக்கே. இதில் குக்கி சரியாக வராவிட்டாலும் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

அனிஸுக்கு அளவு சொல்லாத வழக்கம் நோன்னா தொடங்கியதல்ல. கி.மு. 160 வாக்கில் ரோமானியரான கேட்டோ வேளாண்மை பற்றி எழுதிய நூலில் ‘முஸ்டாசியம்’ என்ற பலகாரத்துக்குச் செய்முறை இருக்கிறது. கார்த்தேஜை அழித்தே தீர வேண்டும் என்று செனட்டில் ஓயாமல் முழங்கிய அதே கேட்டோதான். ஒரு மோடியஸ் கோதுமை மாவு, அதாவது எட்டரை லிட்டருக்கும் மேல். அதைத் திராட்சைச் சாற்றில் நனைக்க வேண்டும். கொழுப்பு இரண்டு பவுண்டு, பாலாடைக்கட்டி ஒரு பவுண்டு. அத்துடன் சீரகம், அனிஸ், துருவிய லாரல் மரப்பட்டை. அடியில் லாரல் இலைகளைப் பரப்பிச் சுட வேண்டும். கொழுப்புக்குப் பவுண்டுக் கணக்கு வைத்த அந்தக் கறாரான மனிதர், அனிஸ் எவ்வளவு என்று சொல்லவில்லை.

இரண்டாயிரம் ஆண்டு தள்ளி வந்தால் அதே ஊர்க்காரர்கள் கப்பலேறுகிறார்கள். 1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலோர் காம்பானியா, கலாப்ரியா, சிசிலி போன்ற தென்பகுதி ஏழைகள். ஊரில் வெள்ளை மாவும் சர்க்கரையும் பண்டிகைக்கு மட்டும் கண்ணில் படும் பொருள்கள். அமெரிக்காவில் அவை மூட்டை மூட்டையாக, வாங்கும் விலையில் கிடைத்தன. பண்டிகைப் பலகாரத்தின் அளவு அன்றைக்கு ஊதியதுதான், இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் எந்த நோன்னாவின் குறிப்பிலும் பன்னிரண்டு குக்கிக்குக் கணக்கு கிடையாது. ஐந்தாறு டஜன் என்பது ருசி பார்ப்பதற்கு.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் பிட்ஸ்பர்க் பக்கம் போக வேண்டும். மேற்குப் பென்சில்வேனியாவிலும் ஒஹையோவின் யங்ஸ்டவுனிலும் கல்யாணத்தில் கேக் இருந்தாலும் தனியாக ஒரு குக்கி மேசை போட்டாக வேண்டும். அத்தைகளும் சித்திகளும் வாரக்கணக்கில் சுட்டுச் சேர்ப்பார்கள். விருந்தாளிகள் பெட்டியில் கட்டிக்கொண்டும் போவார்கள். வழக்கம் எங்கள் ஊரில்தான் பிறந்தது என்று இரண்டு ஊருக்கும் தகராறு. 2019இல் பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே மொனொங்கஹீலா என்னும் சிற்றூர் 88,425 குக்கிகளை அடுக்கி உலகச் சாதனையாக்கியது. எண்ணியவர்களின் பொறுமைக்குத் தனியாக ஒரு பதக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த மேசைகளில் தவறாமல் இருக்கும் பிட்செல்லே, அப்ருத்சோ பகுதியிலிருந்து வந்தது. நீண்ட கைப்பிடியுள்ள இரும்பு அச்சுக்குள் மாவை வைத்து நெருப்பில் காட்டி எடுக்கும், பூவேலை போட்ட தட்டை பிஸ்கட். பாரம்பரிய வாசனை அனிஸ். அச்சில் குடும்பத்தின் முதலெழுத்துகளைப் பொறித்துக்கொள்வதும் உண்டு. கடிகாரம் இல்லாத காலத்தில் ஒரு பக்கத்துக்கு ‘அருள் நிறைந்த மரியே’, திருப்பிப் போட்டதும் ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்று செபம் சொல்லி நேரம் பார்த்தார்களாம். வேகமாகச் செபிக்கும் வீட்டில் பிட்செல்லே வெளுப்பாகத்தான் வந்திருக்கும். இப்போது மின்சார அச்சில் விளக்கு எரிந்து சொல்லிவிடுகிறது.

சில பழைய குறிப்புகளில் பேக்கிங் பவுடருக்குப் பதில் அமோனியா இருக்கும். அமோனியம் பைகார்பனேட்; சூட்டில் அமோனியா, கரியமில வாயு, நீராவி என்று முழுவதும் பிரிந்து பறந்துவிடும். மெல்லிய பிஸ்கட் மொறுமொறுவென்று வரும். ஓவன் கதவைத் திறக்கும்போது மட்டும் யார் வீட்டுக் கழிப்பறையைக் கழுவுகிறார்கள் என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். கனமான குக்கிக்கு இது ஆகாது, வாயு உள்ளேயே தங்கிவிடும்.

நம் எளிய குக்கிக்கு வருவோம். 180 டிகிரி செல்சியஸ், பத்துப் பன்னிரண்டு நிமிடம். அடி பொன்னிறம், மேற்பரப்பு வெள்ளை. மேலேயும் சிவக்கட்டும் என்று காத்திருப்பவர் கல் சுடுகிறார்.

ஆறியதும் ஐசிங். இது ஒருவர் செய்கிற வேலை அல்ல. ஒருவர் தோய்க்க வேண்டும், மற்றவர் அந்தக் கணமே மிட்டாய் மணிகளைத் தூவ வேண்டும். ஐசிங் நீர்த்திருந்தால் மணிகளின் சாயம் வழிந்து, குக்கி ஹோலி ஆடிய முகத்தோடு நிற்கும். தாமதித்தால் ஐசிங் இறுகி, மணிகள் உருண்டோடி ஃபிரிட்ஜுக்கு அடியில் புகுந்துகொள்ளும்; ஜூலை மாதம் பெருக்கும்போதும் நாலு அகப்படும்.

கடைசி எச்சரிக்கை டப்பா பற்றியது. அனிஸ் குக்கியைச் சாக்லேட் குக்கியோடு ஒரே டப்பாவில் போட்டால் இரண்டே நாளில் டப்பா முழுவதும் அனிஸ் குக்கிதான். தனி டப்பாவில் வைத்தால் கிறிஸ்துமஸ் தாண்டியும் இருக்கும், வரவர இறுகும். ஜனவரி 6, மூவரசர் திருநாள் வாக்கில் பல் உடைகிற பதத்துக்கு வந்துவிடும். காபியில் தோய்த்துத் தின்ன இதுதான் சரியான பதம் என்று பெரியவர்கள் சாதிப்பார்கள். பிறகு டிசம்பர் முழுக்க ஏன் ‘இறுகுவதற்குள் சாப்பிடு’ என்று துரத்தினார்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.