வீலண்ணன்

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் சந்துகளில் நடந்தால், கார் நிற்க வேண்டிய ஷெட்டில் மெஷின் நிற்கும் வீடு ஒன்று கட்டாயம் கண்ணில் படும். கார் தெருவில் வெயில் காயும். அதுதான் வீலண்ணன் வீடு. டூல்ரூமில் 30 வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவர். மூடிப்போன ஏதோ கம்பெனியின் பழைய சர்ஃபேஸ் கிரைண்டரை ஏலத்தில் எடுத்து வந்து போட்டிருக்கிறார். பிஎஃப் பணம் எங்கே போயிற்று என்று அவர் மனைவியிடம் கேட்காதீர்கள்.

ஒரு வேலையோடு போய்ப் பாருங்கள். "அண்ணா, இந்தத் தகடு பளபளன்னு வரணும்" என்றால் தகட்டைப் பார்க்க மாட்டார், உங்களைத்தான் பார்ப்பார். "மெட்டீரியல் என்னங் தம்பி? ஹார்டன் பண்ணுனதுங்களா?" உங்களுக்குத் தெரியாது. அவருக்கு வேண்டியதும் அதுதான். பழைய அரம் ஒன்றை எடுத்து ஓரத்தில் ஓர் உரசு. அரம் வழுக்கினால் முகம் மலர்ந்துவிடும். கெட்டி ஸ்டீல்!

பிறகு தகட்டுக்கும் வீலுக்கும், அதாவது மெஷினில் சுழலும் சாணைக்கல்லுக்கும், பொருத்தம் பார்க்கும் படலம். வீல் லேபிளில் 'டபிள்யூஏ 46 கே 8 வி' என்று இருப்பதை ஜாதகம் போல வாசிப்பார். டபிள்யூஏ என்றால் வெள்ளை அலுமினா. 46 மணலின் பருமன். கே என்பது கல் எவ்வளவு கெட்டி என்பது. எட்டு, துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. வி, சூளையில் சுட்ட பிணைப்பு. "பொண்ணு கெட்டின்னா மாப்பிள்ளை சாதுவா இருக்கோணும்ங். ரெண்டும் கெட்டின்னா வீடு புகைஞ்சிரும்." நிஜமாகவே புகையும். கெட்டிக் கல்லில் மழுங்கிய துகள் உதிராமல் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இருக்கும். தகடு சூடேறி நீலம் பாயும். மிருதுவான கல்லில் மழுங்கியது உதிர்ந்து, புது முனை வந்து வெட்டும்.

தப்பித் தவறி கார்பைடு என்று வாயைத் திறந்தீர்களோ, பச்சை சிலிக்கான் கார்பைடு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு 1891-க்குப் போய்விடுவார். அமெரிக்காவில் அச்செசன் என்பவர் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தில் சுட்டு அதைக் கண்டுபிடித்ததில் தொடங்கி, 1954-ல் மெட்ராஸில் கல் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி பிறந்தது வரை வந்து சேர்வதற்குள் காப்பி ஆறிவிடும்.

"நைஸ் ஃபினிஷ் வேணும்னா நைஸ் கல்லு, 120 போடலாமுங்களா?" என்று கேட்பவரை அவர் மன்னிப்பதே இல்லை. "அடைச்சுக்கும், எரிக்கும். நாப்பத்தாறே போதும் கண்ணு. ஃபினிஷ் கல்லுல இல்ல, டிரஸ்ஸிங்ல இருக்குது." இதில் அவர் பக்கம்தான் நியாயம். டிரஸ்ஸிங்கில் கல்லின் முகத்தைச் சீவும் வைர முனையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து வேகமாக ஓட்டினால் கல் முரட்டு முகம் காட்டும், வெட்டும். கடைசி ஓட்டத்தில் 0.01 மில்லிமீட்டர் மட்டும் இறக்கி மெதுவாக ஓட்டினால் அதே கல் மென்மையாக இழைக்கும். ரொம்பவும் மெதுவாக ஓட்டினால் கல் வழவழத்து வெட்டவே வெட்டாது. அப்புறம் தகட்டின் மேல் கல்லை மேலும் இறக்காமல், பொறி அடங்கும் வரை சும்மா ஓடவிட வேண்டும். அந்தச் சும்மா ஓட்டம்தான் பளபளப்பு. 120 நம்பர் கல் வாங்கும் காசில் நல்ல டைமண்ட் டிரஸ்ஸர் வாங்கலாம்.

கல்லை மாட்டும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். விரலில் தொங்கவிட்டு, மரப்பிடியால் தட்டிக் காது கொடுப்பார். கணீர் என்றால் சரி. டொக் என்றால் உள்ளே விரிசல்; வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி அங்கேயே உடைத்துப் போடுவார். லேபிளில் போட்ட ஆர்பிஎம்மையும் மோட்டார் ஆர்பிஎம்மையும் ஒத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் அட்டை வாஷர் வைத்து முடுக்கி, ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டு ஒதுங்கி நிற்பார். உங்களையும் கையைப் பிடித்து ஒதுக்குவார்.

இத்தனைக்கும் பிறகு தகட்டில் அலை அலையாகக் கோடு விழும். "வீலுதான் தப்பு" என்று அடுத்த கல்லை எடுப்பார். அண்ணா, ஸ்பிண்டில் பேரிங் போயிருக்குமோ என்று கேட்டால் காது கேட்காது. பக்கத்து ஷெட்டின் பவர் பிரஸ் மேல்கூடப் பழி போடுவார், தன் மெஷின் மேல் மட்டும் போட மாட்டார்.

அவர் சொந்தத்துக்கு என்ன செய்கிறார்? வி-பிளாக், பேரலல், மறுபடியும் வி-பிளாக். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வி-பிளாக் வேண்டும். வி-பிளாக் செய்ய மெஷின் வேண்டும். மைக்ரான் கணக்கில் புழங்கும் இந்த மனுஷர் வீட்டில் மாவாட்டும் கிரைண்டரின் பெல்ட் அறுந்து ஒரு மாசமாகிறது. மாவு கடையில்தான் வாங்குகிறார்கள்.

அவசர வேலையென்றால் ஜாப் ஒர்க் கடைக்குப் போங்கள், அரைமணியில் முடித்துக் கொடுப்பார்கள். அவசரமில்லையென்றால் வீலண்ணன்தான் சரி. காசும் வாங்க மாட்டார். ஆனால் பித்தளை, அலுமினியம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். காந்தச் சக்கில் அவை ஒட்டாது. எப்படிப் பிடிக்க வைப்பது என்று அவர் யோசிக்க ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடும் உங்களுக்கு அங்கேதான்.