நஷ்டப் பங்கின் மேல் ஏன் இத்தனை பாசம்?

கேள்வி: லாபம் தரும் பங்கை அவசரமாக விற்பவர்கள், நஷ்டத்தில் கிடப்பதை மட்டும் விடாமல் வைத்திருப்பது ஏன்?

பதில்: விற்காதவரை அது நஷ்டமே இல்லை என்ற நம்பிக்கைதான். நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாய் போகும் வலி பெரிது. டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட கோட்பாட்டின் மையமே இந்த வலிதான். மகிழ்ச்சியைவிட அது ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 1992இல் கணக்கும் சொன்னார்கள். கானமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் கிடைத்தது; ட்வெர்ஸ்கி அதற்குள் காலமாகிவிட்டார்.

ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மெய்ர் ஸ்டாட்மனும் 1985இல், லாபத்தை விற்று நஷ்டத்தைப் பிடித்துவைக்கும் இந்தக் குணத்தைப் பங்குச் சந்தையில் அடையாளம் காட்டினர். வலியோடு கௌரவமும் சேர்ந்துகொள்கிறது. பங்கை விற்றால், தேர்ந்தெடுத்தது தவறு என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். விற்காமல் வைத்திருந்தால் அதற்குப் பெயர் ‘நீண்டகால முதலீடு’!

இந்தக் கௌரவத்துக்கு விலை உண்டு. டெரன்ஸ் ஓடியன் ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்டார். முதலீட்டாளர்கள் விற்றுத் தள்ளிய லாபப் பங்குகள், அவர்கள் பொத்திக் காத்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதல் ஆதாயம் தந்திருந்தன.

ஓடியன் பார்த்த கணக்குகளில், டிசம்பரில் மட்டும் அந்தப் பாசம் அறுந்தது. அமெரிக்காவில் வரி ஆண்டு முடியும் மாதம் அது. நஷ்டத்தைக் காட்டினால் வரி குறையும்.