பூச்செண்டும் பர்ச்சேஸ் ஆர்டரும்

கே: கஸ்டமர்களுக்குப் பூ அனுப்பினால் வியாபாரம் வளருமா?
(பெயர் வேண்டாம் என்றவர், அம்பத்தூர்)

ப: வளரும். முதலில் பூக்கடைக்காரருடையது. உங்களுடையது வளருமா என்பது எப்போது அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டெண்டர் பிரிப்பதற்கு முதல் நாள் பொக்கே வந்தால், எந்த மேனேஜரும் பூவைப் பார்க்க மாட்டார், "இவனுக்கு என்ன வேணுமாம்?" என்றுதான் பார்ப்பார். சரக்கு போய், பணமும் வந்து, இரண்டு பேருக்கும் ஒருவரிடம் ஒருவருக்கு வேலையில்லாத ஒரு வாரம் வரும் பாருங்கள், அப்போது அனுப்புங்கள். ஆள் குழம்பிப் போவார். ஆனால் மறக்க மாட்டார்.

கே: வெள்ளி விளக்கு இருக்கிறது, டைரி இருக்கிறது. இரண்டு நாளில் வாடிப்போகிற பூவுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?
(திருப்பூர் வாசகர்)

ப: வாடிப்போவதால்தான். வெள்ளி விளக்கு வாங்கியவர் வீட்டு ஷோகேஸில் பத்து வருஷம் நின்று உறுத்திக்கொண்டே இருக்கும். தவிர, தொழில் தொடர்பில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தாலும் 10 சதவீதம் டிடிஎஸ் கட்ட வேண்டும் என்று 2022 ஜூலை 1 முதல் சட்டம் வந்துவிட்டது. அன்பளிப்பைக் கொடுத்த கையோடு "சார், உங்க பான் நம்பர்?" என்று மெயில் போட்டால் உறவு எப்படி மலரும்? பூவில் 20,000 ரூபாயைத் தாண்ட வேண்டுமென்றால் யானைக்குத்தான் மாலை போட வேண்டும்.

டைரியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பொங்கலுக்குள் அது வாட்ச்மேனின் மகளுக்கு ரஃப் நோட்டாகிவிடும். அந்த வகையில் உபயோகம்தான்.

கே: ஒரகடத்தில் எங்கள் கொரியன் கஸ்டமர் புது யூனிட் திறக்கிறார்கள். சாமந்தி மாலையோடு போகலாமா?
(உதிரிபாகம் சப்ளை செய்பவர்)

ப: மஞ்சள் சாமந்தியென்றால் நம்மூர் வழக்கம் என்று புரிந்துகொள்வார்கள். வெள்ளைச் சாமந்தி மட்டும் வேண்டாம். கொரியாவிலும் ஜப்பானிலும் அது சாவு வீட்டுப் பூ. திறப்பு விழாவில் "யார் தவறிப்போனது?" என்று விசாரிப்பார்கள்.

அவர்கள் ஊர் முறை வேறு. மூன்று அடுக்காக, ஆள் உயரத்துக்குப் பூ வளையம் கட்டி வாசலில் நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் நீள ரிப்பன் தொங்கும். ஒன்றில் வாழ்த்து, மற்றதில் அனுப்பியவரின் கம்பெனி, பதவி, பெயர். வருகிறவர்கள் பூவைவிட ரிப்பனைத்தான் கூர்ந்து படிப்பார்கள். நம்மூர் கல்யாண வாசல் ஃப்ளெக்ஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இப்போது பூவோடு அரிசி மூட்டையும் சேர்த்து அனுப்பி, விழா முடிந்ததும் அரிசியைத் தானம் செய்கிற வழக்கமும் அங்கே வந்திருக்கிறது. அதைச் செய்யுங்களேன். பொன்னி அரிசி உங்கள் பக்கத்தில் கிடைக்காததா?

ஜப்பான்காரர் என்றால் தொட்டியில் வைத்த வெள்ளை ஆர்க்கிட். மூன்று தண்டு, ஐந்து தண்டு என்று ஒற்றைப்படையில். வாழ்த்து அட்டையில் சிவப்பு மையைத் தவிர்த்துவிடுங்கள். கடை திறக்கிற நாளில் அவர்களுக்கு அது நெருப்பையும் நஷ்டக் கணக்கையும் நினைவூட்டும்.

கே: கிளையண்ட் மேடத்துக்கு மதுரை மல்லி இரண்டு முழம் கொடுக்கலாமா?
(மதுரைக்காரர்)

ப: வேண்டாம் தம்பி. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூதான். அதற்காக முழம் போட்டு நீட்டினால் அது ஆபீஸ் விஷயமாக இருக்காது. மேடம் டீமோடு வந்தால், மீட்டிங் ஹாலில் பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு உதிரி மல்லியை மிதக்க விடுங்கள். எல்லாருக்கும் பொதுவாக மணக்கும். மார்கழி, தையில் மட்டும் மீட்டிங் வைக்காதீர்கள். பனியில் வரத்து குறைந்து கிலோ 3,000 ரூபாயைத் தாண்டுகிற மாதம் அது. அக்கவுண்ட்ஸில் கேள்வி வரும்.

கே: பொக்கே வாங்கும்போது ஏமாறாமல் இருக்க?
(சேலம் வாசகி)

ப: ரோஜாவின் அடிப்பக்கத்தை, காம்பு சேருகிற இடத்தில், இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு. மெத்தென்று அமுங்கினால், அழுகிய வெளி இதழ்களை உரித்துவிட்டு நிற்க வைத்த பழைய சரக்கு. லில்லி இருந்தால், நடுவில் ஆடுகிற மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டார்களா என்று பாருங்கள். கிள்ளாத லில்லியை எம்.டி. மார்போடு அணைத்து போட்டோவுக்கு நின்றால் வெள்ளைச் சட்டையில் ஆரஞ்சுத் தீற்று விழும். தண்ணீரால் துடைத்தால் பரவும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். யார் கொடுத்த பூ என்பது அந்தச் சட்டை இருக்கும்வரை ஞாபகம் இருக்கும்.

கே: அதிகாரிகள், அமைச்சர்களுக்கு?
(காண்ட்ராக்டர், திருச்சி)

ப: பிரதமர் உள்நாட்டுப் பயணம் வரும்போது பொக்கே கூடாது, மிஞ்சிப்போனால் ஒற்றைப் பூவோடு கதர்க் கைக்குட்டை அல்லது புத்தகம் என்று 2017-லேயே மத்திய உள்துறை சொல்லிவிட்டது. ஸ்டாலினும் சால்வை, பொக்கே வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்றவர். நீங்கள் காண்ட்ராக்டர் என்பதால், புத்தகத்துக்குள் எதையும் வைக்காமல் கொடுக்கவும்.

கே: சின்ன சப்ளையர்களை சந்தோஷப்படுத்த எந்தப் பூ நல்லது?
(பர்ச்சேஸ் மேனேஜர், கோவை)

ப: 45 நாளுக்குள் பேமென்ட்.

கே: விழாவில் எங்களுக்கு வந்த பொக்கேயை அடுத்த விழாவில் இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?
(சிக்கனமானவர், காரைக்குடி)

ப: தாராளமாக. செலோபன் தாளுக்குள் செருகியிருக்கும் விசிட்டிங் கார்டை மட்டும் உருவிவிடுங்கள். நேற்று உங்களுக்கு அதைக் கொடுத்தவர், இன்று உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.