ஆடிட்டர் எதுக்குங்க?

கோயம்புத்தூர் சரவணம்பட்டிப் பக்கம் புதிதாக மரச்செக்கு எண்ணெய்க் கடை போட்டிருக்கும் முதலாளியைக் கண்டுபிடிக்க போர்டைப் பார்க்க வேண்டியதில்லை, சட்டைப் பையைப் பார்த்தால் போதும். இடது பக்கமாகத் தொங்கும். உள்ளே கடலை மண்டி பில், பாட்டில் கம்பெனி பில், கரண்ட் பில் கட்டிய ரசீது, மகளின் பள்ளி ஃபீஸ் ரசீது, பெட்ரோல் பங்கில் கொடுத்த துண்டுச் சீட்டு எல்லாம் ஒரே ரப்பர் பேண்டுக்குள் சமத்துவமாக வாழும். பங்க் ரசீது இரண்டு மூன்று மாதத்தில் மங்கி வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். அதையும் எறிய மாட்டார். என்ன ரசீது என்று ஞாபகம் இருக்கிறதாம். இந்தச் சட்டை ஒரு தடவை வாஷிங் மெஷினுக்குள் போனது. அந்த மாதக் கணக்கு அன்றோடு முடிந்தது.

நம்மவர் பதினெட்டு வருஷம் கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். பி.எஃப். பணத்தை எடுத்து, வீட்டுக்காரம்மா நகையில் பாதியை அடகு வைத்து, வாகை மரச் செக்கு வாங்கினார். கடை திறப்பதற்கு முன் பார்க்க வேண்டிய எல்லாரையும் பார்த்தார். வாசலைத் தள்ளி வைக்க வாஸ்துக்காரர், தேதி குறிக்க ஜோசியர், கணபதி ஹோமத்துக்கு ஐயர், எல்.இ.டி. போர்டுக்காரர், மேலே பறந்து படம் எடுக்க டிரோன் கேமராப் பையன். யாரிடமும் பேரம் பேசவில்லை.

மச்சினன்தான் மெதுவாக எடுத்துவிட்டான். "மாமா, ஒரு ஆடிட்டரையும் பாத்துருங்க."

"ஆடிட்டர் எதுக்கு மாப்ளே? வர்றது எனக்குத் தெரியும், போறது எனக்குத் தெரியும். நடுவுல இன்னொருத்தர் எதுக்கு?"

கேட்பதற்கு உபநிடதம் மாதிரி இருக்கிறது. மச்சினன் வாயை மூடிக்கொண்டான்.

நம் ஊரில் ஆடிட்டர் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள் என்பது இவர் செய்த குழப்பத்துக்குப் பாதிக் காரணம். பில்லைப் பார்த்து டேலியில் ஏற்றுகிறவரும் ஆடிட்டர்தான். மாதா மாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவரும் ஆடிட்டர்தான். ஏ.சி. அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் சி.ஏ.வும் ஆடிட்டர்தான். புது முதலாளிக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் மூன்றாமவரின் அறையும் அவர் ஃபீஸும் கண்முன் வந்துவிடும். அவருக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் முதலாமவர், கொஞ்சம் இரண்டாமவர். சி.ஏ.க்களின் அமைப்பு தொடங்கப்பட்டது 1949 ஜூலை 1-இல், ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலை 1-இல். நோயும் மருத்துவரும் ஒரே நாளில் பிறந்தநாள் கொண்டாடும் தேசம் இது.

ஆள் வேண்டாம் என்றவர் டேலி வாங்கினார். அதற்கு ஒரு கதையும் கையில் வைத்திருந்தார். கதை உண்மைதான். பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்று வந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்கைப் பார்க்கச் சரியான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத்திடம் எழுதச் சொன்னார். 1986-இல் பிறந்தது அது. டேலி என்ற பெயர் பிற்பாடு வந்தது, முதலில் வைத்த பெயரே 'தி அக்கவுண்டன்ட்'. "பாத்தீங்களா, வியாபாரி வீட்டுலயே பண்ணிட்டாங்க" என்பார் நம்மவர். அந்த மகன் கணிதப் பட்டதாரி என்பதை மட்டும் விட்டுவிடுவார். இவர் மகள் ஆறாம் வகுப்பு.

டேலி கம்ப்யூட்டரில் இருந்தது. கணக்கு நோட்டில் இருந்தது. ஆயுத பூஜைக்கு அந்த நோட்டை செக்குக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் படைத்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் 'லாபம்', கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இரண்டாம் பக்கத்தில் 'கடலை 10 மூட்டை' என்று ஒரு வரி, விலை இல்லை. மூன்றாம் பக்கத்தில் 'ரமேஷ் 5000', கொடுத்ததா வாங்கியதா தெரியாது. நான்காம் பக்கத்தில் மகள் வரைந்த மயில். நூறு வருஷத்துக்கு முன்னால் பர்மாவில் கடை வைத்த செட்டியார்கள் குறிப்பேடு, பேரேடு எழுதி ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்பினார்கள். இவரால் சரவணம்பட்டியிலிருந்து வீட்டுக்கே கணக்கு அனுப்ப முடியவில்லை. கல்லாவில் ஐயாயிரம் குறைகிறதே என்று இரவு பத்து மணிக்குத் தேடுவார். காலையில் அவரே எடுத்துக் கேஸ் சிலிண்டருக்குக் கொடுத்திருப்பார்.

உண்மையைச் சொன்னால், சின்னக் கடைக்கு முதல் வருஷம் சம்பளத்துக்கு ஆள் போட்டுக் கணக்கு எழுதத் தேவையே இல்லை. கடைக்கென்று தனி பேங்க் அக்கவுண்ட், ஒழுங்காக எழுதிய ஒரு நோட்டு, பில்களைத் தேதிவாரியாகக் குத்தி வைக்க ஒரு கம்பி, இவை இருந்தால் ஓடிவிடும். தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவே பொதுவாகக் கட்டாயமில்லை. நம்மவர் சறுக்கியது எழுதுவதில் இல்லை, எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே.

கடை திறந்த மூன்றாம் மாதம் ஒரு சூப்பர் மார்க்கெட்காரர் எண்ணெய் கேட்டார். "ஜி.எஸ்.டி. பில் போடுவீங்கல்ல?" என்றார். அன்று ராத்திரியே நம்மவர் நம்பருக்கு எழுதிப் போட்டார். வந்ததும் போர்டில் பெரிதாக எழுதி வைத்தார். நம்பர் வந்தால் ரிட்டர்னும் வரும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லும் ஆளைத்தான் அவர் பார்க்கவில்லையே. விற்பனை இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். "விக்கவே இல்ல, எதைங்க போடறது?" என்று இருந்துவிட்டார். விற்பனை இல்லாத ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் 50. இவர் அளவு சின்ன வியாபாரிக்கு ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் முறையே 500, 2,000 என்று அரசாங்கமே ஒரு தடுப்பு போட்டு வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் செக்கையே கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கும்.

வருமான வரியில் வேறு மாதிரி குழப்பம். இரண்டு கோடிக்குள் விற்பனை உள்ள சின்ன வியாபாரி, விரிவான கணக்கு இல்லாமலே உத்தேச லாபம் காட்டலாம். பேங்க், யு.பி.ஐ. வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் வந்ததில் 8 சதவீதம், குறைந்தது அவ்வளவு லாபம் என்று எடுத்துக்கொண்டு அதற்கு வரி கணக்கிட வேண்டும். நம்மவர் வாட்ஸ்ஆப்பில் பாதி படித்துவிட்டு 6 சதவீதமே வரி என்று நினைத்து மூன்று இரவு தூங்கவில்லை. முப்பது லட்சத்துக்கு விற்றால் 1,80,000 வரியா? 1,80,000 என்பது லாபமாகக் காட்டுகிற தொகை; வேறு பெரிய வருமானம் இல்லாதவருக்கு அதில் வரியே வராது. இதைச் சொல்ல ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

2025 ஜூலையில் கர்நாடகத்திலிருந்து செய்தி வந்தது. யு.பி.ஐ. வரவை வைத்துச் சின்ன வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரருக்கு நான்கு வருஷத்தில் 1.63 கோடி வரவு என்று சொல்லி 29 லட்சம் கேட்டிருந்தார்கள். பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது என்பது வேறு கதை. பெங்களூர்க் கடைகளில் க்யூ.ஆர். அட்டைகள் காணாமல் போயின. நம்மவரும் "ஜிபே இல்லை" என்று அட்டை மாட்டினார். சரவணம்பட்டி ஐ.டி. பசங்க கையில் ரொக்கம் ஏது? இரண்டே நாளில் அட்டையைக் கழற்றினார். அதுவரை கடைப் பணம் மொத்தமும் அவருடைய சொந்த நம்பருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. சீட்டுப் பணம், தங்கச்சி அனுப்பிய பணம், எண்ணெய்ப் பணம் எல்லாம் ஒரே அக்கவுண்டில். அந்தப் பட்டியலைப் பார்க்கிற அதிகாரிக்குத் தங்கச்சியும் எண்ணெய் வாங்கியவர்தான்.

கடைசியில் இரண்டாவது செக்குக்கு லோன் கேட்டு பேங்குக்குப் போனார். மேனேஜர் லாப நஷ்டக் கணக்கு கேட்டார். நம்மவர் நோட்டை நீட்டினார். மேனேஜர் மயிலைப் பாராட்டினார்.

இப்படியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கு எழுத ஒரு பெண் வந்தாள். பி.காம். முடித்தவள். வார நாட்களில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை நான்கு கடைகளுக்கு மாறி மாறிக் கணக்கு. மாதம் 3,000 என்றாள். 2,000-க்குப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து செருப்பு டப்பாவுக்குப் போயிருந்த பில்களைத் தரையில் கொட்டி, தேதிவாரியாக அடுக்கினாள். அரை மணி நேரம் பேச்சில்லை. செக்கு மட்டும் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணா, செக்கு பில் மார்ச் 4. ஜி.எஸ்.டி. நம்பர் ஜூன் 10. நடுவுல என்னங்ணா பண்ணீங்க?"

"வாஸ்து பாத்துட்டு இருந்தோம் அம்மிணி."

செக்கு விலை 2,50,000. அதன்மேல் 18 சதவீத வரி 45,000. நம்பர் வாங்கிவிட்டு செக்கை வாங்கியிருந்தால் அந்த 45,000-ஐ எண்ணெய்க்கு வசூலிக்கும் 5 சதவீத வரியில் கழித்துக்கொண்டே வந்திருக்கலாம். மாட்டுத் தீவனமாகப் போகும் புண்ணாக்குக்கு வரி இல்லை என்பதால் அதன் பங்கை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். பதிவுக்கு முன் வாங்கிய இயந்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கையிருப்பில் இருந்த பாட்டில், கடலைக்கு உண்டு, ஆனால் 30 நாளுக்குள் ஒரு படிவம் போட வேண்டும். அந்த 30 நாளும் போய்விட்டது.

"அப்ப அந்த நாப்பத்தஞ்சும்?"

"செக்கு விலையோட சேத்து தேய்மானத்துல எழுதிக்கலாங்ணா. அதுவும் நீங்க முழுக் கணக்கு வெச்சாத்தான்."

கம்பெனியில் போல்ட் ஒன்று குறைந்தால் ஷிப்ட்டையே நிறுத்தியவர் அவர். கொஞ்ச நேரம் செக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் வடக்குப் பார்த்துத்தான் இருந்தது.

ஆறு மாதத்தில் ஆள் மாறிவிட்டார் என்று நினைத்தால் அதுதான் இல்லை. ஆறு மாதமாக அந்தப் பெண் பேசுவதை ஓரமாக உட்கார்ந்து கேட்டுக் கேட்டு இப்போது அவரே ஆடிட்டர். இன்புட், 2பி, கியூ.ஆர்.எம்.பி. என்று வாயைத் திறந்தால் சொற்கள் கொட்டுகின்றன. பக்கத்துக் கடையில் பேக்கரி போடப் போகும் பையன் யோசனை கேட்டு வந்தான்.

"அண்ணா, ஒரு ஆடிட்டரைப் பாத்துட்டு ஆரம்பிக்கலாம்னு..."

"ஆடிட்டர் எதுக்கு தம்பி? நா இல்லியா? மெஷின் வாங்கறதுக்கு முந்தி நம்பரை வாங்கிப் போடு. அப்புறம் அந்த பன்னு விஷயம். நம்ம ஊர்லயே ஓட்டல்காரரு மந்திரிகிட்ட கேட்டாரே, பன்னுக்கு வரி இல்ல, உள்ள க்ரீம் வெச்சா பதினெட்டுன்னு? அதனால க்ரீமைத் தனியா குடு, பன்னைத் தனியா குடு. ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது."

பையன் பயபக்தியோடு போனில் குறித்துக்கொண்டான்.

உள்ளே தரையில் உட்கார்ந்து பில் அடுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "அண்ணா, அந்தப் பேச்சு 2024 செப்டம்பர். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து கேக்கு, பேஸ்ட்ரி, பிஸ்கட் எல்லாம் அஞ்சு பர்சன்ட்டுக்கு வந்துருச்சு" என்றாள். "இந்த மாசம் கரண்ட் பில் ரசீது எங்கீங்ணா?"

அவர் சட்டைப் பையைத் தடவினார்.