தள்ளுவண்டியே, நீ நீடூழி வாழ்க!

திண்ணை ஓரம் எட்டுக் குடம் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு நிற்கும் எங்கள் தள்ளுவண்டியே, நீ நீடூழி வாழ்க! அபிராமத்தில் உன்னைப் போல உழைத்தவர் யாருமில்லை. இந்தப் புரட்டாசிக் கடைசியில் உன்னைப் புகழாமல் வேறு யாரைப் புகழ்வேன்?

மற்ற ஊர்களுக்குக் கத்திரி கழிந்தால் கோடை கழிந்தது. எங்கள் ராமநாதபுரச் சீமையில் அது ஆடிக் காற்றில் புழுதியாய்ப் பறந்து, ஆவணியில் புழுங்கி, ஐப்பசி மழை வரும்வரை நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். அத்தனை மாதமும் எங்களைக் கைவிடாதவன் நீ.

எங்களைச் சோம்பலில் விழவிடாத நல்லாசான் நீ. "மதினி, தண்ணி லாரி வந்துருச்சு!" என்று தெருமுனையில் குரல் கேட்டதும், கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு உன் கைப்பிடியைப் பிடிக்கிறோம். போகும்போது தடதடவென்று ஊரை எழுப்புகிறாய். திரும்பும்போது பாரத்தில் வாய் திறக்க மாட்டாய். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் உன் மேல் 120 கிலோ. மணல் மேவிய திருப்பத்தில் சக்கரம் புதையும். ஒருத்தி முன்னால் இழுக்க, ஒருத்தி பின்னால் நின்று நெஞ்சு கொடுத்துத் தள்ளுவாள். குடத்து வாயில் கட்டிய துணி நனைந்து ஒரு சொட்டு மண்ணில் விழும். அந்தச் சொட்டு காய்வதற்குள் நாலு பெண்களின் கண் அதைப் பார்த்துவிடும். இவ்வளவு கூர்மையான பார்வையை எங்களுக்குத் தந்தவன் நீ.

கணக்கும் நீதான் கற்றுக்கொடுத்தாய். குடம் 10 ரூபாய், நாளுக்கு எட்டுக் குடம், மாதம் 2,400 ரூபாய். குடிக்க வாங்கும் கேன் தனி. உன் பேரிங்குக்கும், அடி விரிந்த குடத்துக்கும் தனி. வீட்டில் ஐந்து பேர், ஆக ஆளுக்கு 24 லிட்டர். கிராமத்து வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வேண்டும் என்று ஜல் ஜீவன் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. அதில் பாதிக்கும் குறைவான தண்ணீரில் குடித்தனம் நடத்தப் பழக்கிய பெருமை உன்னுடையது.

உன்னால் எங்கள் வீட்டில் எதுவும் வீணாவதில்லை. அரிசி களைந்த கழனித் தண்ணீர் ஆட்டுக்கு. துணி அலசிய தண்ணீர் வாசல் தெளிக்க. குளித்த தண்ணீர் முருங்கைக்கு. பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கித் துணியால் துடைத்த பிறகுதான் ஒரு கை தண்ணீர். விருந்தாள் வந்தால் பேப்பர் தட்டு; கழுவுகிற தண்ணீரைவிடத் தட்டு மலிவு. பிள்ளையின் பள்ளிச் சட்டையை மூன்றாம் நாளும் மோந்து பார்த்து, "இன்னைக்கு ஒருநாள் போட்டுக்கடா" என்று சொல்லும் மனத்திடத்தையும் நீதான் தந்தாய்.

கமுதிப் பக்கம் பிறந்த என் அப்பத்தா குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்பியவர். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அந்தப் பாரத்தை இறக்கி வைத்தவன் நீ. இந்த நன்றியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் தண்ணீர் வற்றினால் அப்பத்தா காலத்தில், "ஊரணிக்கு என்னாச்சு?" என்று கேட்டார்கள். நாங்கள், "வண்டி எங்கே?" என்று கேட்கிறோம். கேள்வியையே மாற்றிவிட்டாய் அல்லவா, உன் உதவி அவ்வளவு பெரிது!

நீ இருக்கும் தைரியத்தில்தான் வரத்துக்கால் தூர்ந்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்தோம். கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் காடானபோது, விறகாச்சு, கரிமூட்டம் போட்டால் காசாச்சு என்று ஆறுதல் பட்டோம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைக் கொண்டாடிய சீமை இது. இதைத் தண்ணியில்லாக் காடு என்று ஊரார் சொன்னபோது, வெட்கப்படாமல் உன்னைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

காடுதானா இது? ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 827 மில்லிமீட்டர். உண்மையான பாலைவனமான ஜெய்சல்மேரில் ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான். எங்கள் ஓட்டுக் கூரை 500 சதுர அடி. அதில் ஓர் ஆண்டில் விழும் மழை ஏறக்குறைய 38,000 லிட்டர். நீ நாளுக்குச் சுமக்கும் 120 லிட்டரால் வகுத்துப் பார்த்தேன்: 316 நாள் தண்ணீர். பாதி சிந்திச் சிதறிப் போனாலும் 158 நாள். 2003-லேயே தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் கூரைத் தண்ணீர் இன்னும் தெருச் சாக்கடைக்குத்தான் ஓடுகிறது. ஐப்பசியில் இலவசமாய் ஓடவிட்டதைத்தான் சித்திரையில் குடம் 10 ரூபாய்க்கு வாங்கி உன் மேல் ஏற்றுகிறோம்.

இதையெல்லாம் ஒருநாளும் நீ எடுத்துச் சொன்னதில்லை. உன் பொறுமைக்கு நிகர் உண்டா? நாங்களும் உன்னைப் போலவே பொறுமையாகிவிட்டோம். "ராமநாதபுரத்துப் பொம்பளைக நல்ல உழைப்பாளிக" என்று வெளியூரார் மெச்சும்போது, தோள்பட்டை வலியோடு சிரித்துக்கொள்கிறோம். தாங்கிக்கொள்கிறவர்களைப் பாராட்டிவிட்டால், தாங்கவைப்பது என்ன என்று யாரும் தேட வேண்டியதில்லை.

நேற்றுச் சாயங்காலம் கீழ்வானத்தில் மேகம் கட்டியது. லாரிக்கு எடுத்து வைத்த இந்த மாதக் காசில் கொஞ்சம் பிரித்து, ஓட்டு இறவாரத்தில் தகரம் மடித்து அடித்து, ஒரு குழாய் இறக்கச் சொல்லியிருக்கிறேன். தொட்டி கட்ட இன்னும் காசு சேரவில்லை. அதனால் முதல் மழைக்குக் குழாயின் வாயில் உன்னைத்தான் நிறுத்துவேன், எட்டுக் குடத்தோடும். இத்தனை வருஷம் தெருத்தெருவாய் நடந்தவனே, அன்றைக்கு ஒருநாளாவது நின்ற இடத்தில் நிறைந்துகொள்.