தவளை காட்டுபவர்

புது லேப்டாப் வாங்கியவர் வீட்டில் காபி வருவதற்கு முன்பே தவளை வந்துவிடும். கோஸ்டா ரிகா காட்டுத் தவளை. பச்சை உடம்பு, செக்கச்செவேலென்று கண், ஆரஞ்சு நிற விரல்கள். “அந்தக் கண்ணைப் பாருங்க சார், நடுவுல கறுப்பா ஒரு கோடு தெரியுது பாருங்க. ஈரம்கூடத் தெரியுது” என்பார். ஈரம் தெரிகிறது என்று நாம் ஒப்புக்கொள்ளும்வரை தவளை நகராது. அடுத்தது பஞ்சவர்ணக் கிளி. அதற்கடுத்தது கறுப்புப் பின்னணியில் மெதுவாக இறங்கும் தேன் சொட்டு. யூடியூபில் யாரோ, எந்த ஊரிலோ, லட்சக்கணக்கில் விலையுள்ள கேமராவால் எடுத்துப் போட்டதை எல்லாம் தன் வீட்டு ஹாலில் தானே பெற்றெடுத்ததுபோலக் காட்டுவார். காட்டி முடித்து, “எப்படி?” என்பார். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத பொருளைப் பற்றி அவர் சொல்லும் முதல் அபிப்பிராயம் முழுக்க இவ்வளவுதான். அந்த அபிப்பிராயத்தில் லேப்டாப்பே கிடையாது என்பது என் கட்சி. ‘நான் ஏமாறவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்கு ஊரெல்லாம் சாட்சிக் கையெழுத்து வாங்குகிறார், அவ்வளவே.

காட்டும் முறையைக் கவனித்தாலே இது விளங்கும். மூடியை ஒற்றை விரலால் திறப்பார். அடிப்பாகம் தூக்கவில்லை என்பதை நாம் பார்த்தோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். பளபளப்பான திரையில் டியூப் லைட் அப்படியே விழுவதால் “லைட்டை அணைம்மா” என்று உள்ளே குரல் போகும். சத்தம் கேட்க வேண்டுமே, ஃபேனும் நிற்கும். மே மாத மதியத்தில் ஒரு குடும்பமே இருட்டில் வியர்த்து வழிந்துகொண்டு தவளையைப் பார்க்கும். பிறகு யூடியூபின் பல்சக்கரக் குறியை அழுத்தி, ‘ஆட்டோ’வில் இருப்பதை 2160க்கு, அதாவது 4கேக்கு, மாற்றுவார். வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். “நெட்டு ஸ்லோ சார், லேப்டாப் இல்ல” என்று அவசரமாக ஒரு விளக்கம் வரும். யாரும் லேப்டாப்பைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லாத குற்றத்துக்குப் பதில் சொல்கிறவரின் மனசில் என்ன ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வட்டம் நின்று தவளை திரும்பியதும், “இப்ப வித்தியாசம் தெரியுதா?” என்பார். இங்கே கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. ஃபுல் எச்டி திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். நான்கு மடங்கு என்பது உண்மை. ஆனால் 15.6 அங்குலத் திரையில் ஃபுல் எச்டியின் ஒரு புள்ளியே 0.18 மில்லிமீட்டர் அகலம்தான். நல்ல கண்பார்வை உள்ளவர் இரண்டடி தூரத்தில் பிரித்தறியக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அதுதான். நாம் உட்கார்ந்திருப்பதோ அவர் நாற்காலிக்குப் பின்னால், மூன்றடி தள்ளி. அங்கிருந்து 83 லட்சமும் ஒன்றுதான், 21 லட்சமும் ஒன்றுதான். ஆனாலும், “ஆமா சார், தெரியுது” என்கிறோம். ஃபேனைப் போடுவதற்கு வேறு வழியில்லை.

திரையில் நிஜமாகவே மெச்ச வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓலெட் திரையில் கறுப்பு வரும் இடத்தில் அந்தப் புள்ளிகள் முழுசாக அணைந்துவிடும். எல்சிடி திரைகளில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். தேன் சொட்டு அழகாக இருப்பதற்கு இதுதான் காரணம், 4கே அல்ல. இதை அவரிடம் சொன்னால் முகம் வாடிவிடும், ஏனென்றால் அவர் காசு கொடுத்தது 4கேக்கு.

சத்தத்தில் இன்னும் ஒரு படி மேல். கைவைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் டால்பி அட்மாஸ் ஸ்டிக்கரைத் தொட்டுக்காட்டி, “தியேட்டர் எஃபெக்ட் சார்” என்பார். 2012 டிசம்பரில் முப்பரிமாணமாக மறுபடி வந்த ‘சிவாஜி’தான் அட்மாஸ் ஒலியோடு வெளியான முதல் இந்தியப் படம். தியேட்டர் அட்மாஸ் என்பது தலைக்கு மேலும் சேர்த்து 64 ஸ்பீக்கர்களுக்குவரை தனித்தனியாக ஒலி அனுப்பக்கூடிய ஏற்பாடு. லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு. தீப்பெட்டி அளவுகூட இராது. ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை, ஒலியை அந்த முறையில் பக்குவப்படுத்தும் மென்பொருள் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தவிலின் தொப்பி அதிர வேண்டுமானால் காற்று அசைய வேண்டும். காற்றை அசைக்க அந்தச் சின்னத் தகட்டுக்கு இடமே இல்லை. “பேஸ் எப்படி?” என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஒரு மனிதன் தன் உழைப்பில் எண்பது, தொண்ணூறு ஆயிரம் போட்டு ஒரு பொருள் வாங்கிப் பெருமைப்பட்டால் உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெருமையாக மட்டும் இருந்தால் நானும் தவளைக்குக் கை தட்டியிருப்பேன். பெருமைப்படுகிறவர் பொருளோடு தனியாக இருக்க ஆசைப்படுவார். இவருக்குத் தனியாக இருக்கவே பயம். தவளையைத் தனியாக அவர் பார்ப்பதில்லை. ஒரு முழுப் படத்தையும் அதில் பார்த்ததில்லை. கடையில் காசு கட்டுவதற்கு முன்பே, மாசக்கணக்கில் ரிவ்யூ வீடியோ பார்த்து அபிப்பிராயம் முடிந்துவிட்டது. ‘பில்ட் குவாலிட்டி’, ‘பெசல்’, ‘ஒத்தை விரல்ல திறக்குது’ எல்லாம் அங்கே பொறுக்கியவை. பெட்டி பிரித்தபின் அவருக்குத் தேவைப்படுவது ஊர்ஜிதம் மட்டும். பேச்சு எப்படியும் விலையில் போய் முடிவதே அதற்கு அத்தாட்சி. எம்ஆர்பி இவ்வளவு, கார்டு தள்ளுபடி இவ்வளவு, பழசைக் கொடுத்ததில் இவ்வளவு, சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தபோது சொன்னது இவ்வளவு, பாக்கி வட்டியில்லாத தவணை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு போகும் மாமனார், மாப்பிள்ளையையா புகழ்கிறார்? தான் பிடித்த பிடியைப் புகழ்கிறார். ஆனால் ஒரு நாள் ஸ்டோரேஜைத் திறந்து பார்ப்பார். 512 ஜிபி என்று வாங்கியது 476 என்று காட்டும். முகம் போகும் போக்கைப் பார்க்கச் சகிக்காது. தயாரிப்பாளர் ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார், விண்டோஸ் 107 கோடிக்கும் சற்று மேலாக எடுத்துக்கொண்டு வகுக்கிறது. யாரும் 36 ஜிபியைத் திருடவில்லை. இதை எடுத்துச் சொல்லும்போது அவர் விடும் பெருமூச்சு இருக்கிறதே, அந்த இடத்தில் மட்டும் அவர்மேல் எனக்கு உண்மையான பாசம் வருகிறது. எத்தனை நாள் பயந்துகொண்டிருந்தாரோ, பாவம்.

அவர் சொல்வதால் அடுத்து வாங்குபவருக்கு உபயோகம்தானே என்பார் சிலர். உபயோகம் எப்போது? குறையையும் சேர்த்துச் சொன்னால். செங்கல் கனத்தில் ஒரு சார்ஜர் பையில் இருக்கிறது. அதைப் பற்றி மூச்சு விட மாட்டார். வீடியோ எடிட் செய்ய ஆரம்பித்தால் உள்ளே விசிறி இரைச்சல் போடும்; அது அவர் எடிட் செய்தால்தானே தெரியும்? பெட்டியில் அச்சிட்ட ‘18 மணி நேரம்’ என்பது வெளிச்சத்தைக் குறைத்து, டிஸ்க்கில் உள்ள வீடியோவை மட்டும் ஓடவிட்டு எடுத்த அளவு. தவளைக்காக வெளிச்சத்தை நூறு சதவீதத்தில் வைத்து நெட்டில் ஓட்டினால் அதில் பாதி வந்தாலே அதிர்ஷ்டம். இதற்குள் அவர் பேச்சைக் கேட்டு மைத்துனரும் அலுவலக நண்பரும் அதே மாடலை வாங்கியிருப்பார்கள். இனி அவர்கள் வீட்டிலும் ஃபேன் நிற்கும்.

தொழில்நுட்பம் வேகமாக மாறும் காலம், மனிதன் கொஞ்சம் மிரண்டுதான் போவான் என்றும் சமாதானம் சொல்வார்கள். மிரட்சிக்குக் காலம் காரணமில்லை. 1990களின் தொடக்கத்தில் ‘மல்டிமீடியா பிசி’ என்று தரம் வகுத்தபோது கேட்டது 2 எம்பி ரேம், 30 எம்பி ஹார்டு டிஸ்க், ஒரு சிடி டிரைவ். அன்றைக்கும் இவர் இருந்தார். விண்டோஸ் 95 சிடியில் வீசர் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டு ஒன்று வீடியோவாக வந்தது; தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய சட்டத்தில் அதை ஓடவிட்டு, “கம்ப்யூட்டர்ல படம் ஓடுது பாருங்க” என்று இதே இருட்டில் இதே ஆள் காட்டினார். இயந்திரம்தான் மாறியிருக்கிறது.

சிரிப்பு இத்தோடு போதும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. திரையும் சுமார், சத்தமும் சுமார். அந்தப் பிள்ளைகள் யாரையும் கூப்பிட்டு எதையும் காட்டவில்லை. பென் டிரைவில் படம் வாங்கிப் பார்த்தார்கள், பாட்டு ஏற்றினார்கள், கல்லூரி ப்ராஜெக்டையும் அதிலேயே அடித்து முடித்தார்கள், பட்டனில் எழுத்து அழியும்வரை அடித்தார்கள். மல்டிமீடியாவை மல்டிமீடியாவாகப் பயன்படுத்தியவர்கள் அவர்கள். இங்கே என்ன நடக்கிறது? வீட்டில் சம்மதம் வாங்கியது “பொண்ணு படிப்புக்கு” என்று சொல்லி. விஸ்காம் படிக்கும் அந்தப் பெண் தன் குறும்படத்தைக் கீறல் விழுந்த போனில், விரல் நுனியால் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். லேப்டாப் கீபோர்டுமேல் வெள்ளைத் துணி விரித்து, பிளாஸ்டிக் உரை பிரிக்காமல், பீரோவில் இருக்கிறது. “அப்பா, ஒரு மணி நேரம்” என்றால், “சூடாயிரும்மா” என்று பதில். இது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. அநியாயமாகப் படுகிறது.

ஐயா, நீங்கள் ஏமாறவில்லை; நல்ல விலைக்கு நல்ல பொருள்தான் வாங்கியிருக்கிறீர்கள், எழுதி வேண்டுமானாலும் தருகிறேன். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ். அங்கே உங்கள் மகள் பெயரில் ஒன்று திறந்து கொடுங்கள். ஸ்டாண்டர்ட் யூசராக வைத்தால் உங்கள் ஃபோல்டரில் உள்ள எதையும் அவளால் தொட முடியாது. அவளுக்கு ப்ராஜெக்ட் கொடுக்கக் கடைசி நாள் எது என்று கேட்டு, அதற்கு முன்பே செய்துவிடுங்கள்.