கர்னலை மதியாதவர்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், வயல்களையெல்லாம் மனைகளாக்கி முடித்து, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியிலும் ஐக்கியமாகிவிட்ட செம்பாக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை எந்தப் பொரித்த கோழிக் கடைக்குள் பிரவேசித்தாலும், பேரப் பிள்ளைகள் புடைசூழ, மகன் பணம் கட்ட, தம்மை யாரோ பலவந்தமாக இழுத்து வந்துவிட்ட பாவனையோடு வீற்றிருக்கும் ஒரு பெரியவரைத் தரிசிக்கலாம்.

இவர் ஒருகால் ஓய்வு பெற்ற ரயில்வே கணக்கராயிருப்பார். ஒருகால் வங்கி அதிகாரி. ஆனால் என் மனத்தைக் கவர்ந்த ரகம், சேலையூரிலுள்ள விமானப்படை நிலையத்தில் உத்தியோகம் பார்த்து, பென்ஷனோடு இப்பக்கமே மனை வாங்கிக் குடியேறியவர்தாம். கடைச் சுவரிலே, ஜகப்பிரசித்தி பெற்ற கர்னல் ஸாண்டர்ஸுக்குத் தாயாதி என்று சொல்லத்தக்க ஒரு வெண்தாடிக் கிழவரின் படம் இருக்கும். அதைக் கண்டதுமே இவருக்கு ரத்தம் கொதிக்கும்.

“யுத்தத்திலே சம்பாதித்த பதவியாடா அது? 1935-ல் கெண்டக்கி கவர்னர் தூக்கிக் கொடுத்த கௌரவப் பட்டம்!”

“இருக்கட்டும் தாத்தா. அவர் அறுபத்திரண்டு வயசுலதான் தன் பக்குவத்த முதமுதல்ல இன்னொரு கடைக்குக் கொடுத்தாராம். உங்களுக்கு இப்போ அறுபத்தொண்ணுதானே?”

இவ்வினாவுக்கு விடை கூறுவது உசிதமன்று என்று தீர்மானித்து, பெரியவர் லெக் பீஸை எடுத்துக்கொள்வார்.

எடுத்தவர் சும்மா உண்பாரா? இந்த விலைக்கு கேம்ப் ரோட்டில் ஒரு முழுக் கோழியை உரித்து, வெட்டி, மஞ்சள் தடவியே வாங்கி வந்துவிடலாம் என்பது அவருடைய முதல் ஆட்சேபம். இரண்டாவது ஆட்சேபம் நியாய சாஸ்திரத்தில் வைக்கத்தக்கது: “கறிக்கடையிலே கிலோவுக்கு அதிகம் கொடுத்து எந்தத் தோலை உரித்துப் போடச் சொல்கிறோமோ, அதே தோலை இங்கே மாவில் புரட்டி நம்மிடமே விற்கிறான்!” இதை அவர் பிரகடனம் செய்யும்போது, கொலஸ்டிரால் காரணமாக டாக்டர் விலக்கிய அந்தத் தோல்தான், மொறுமொறுவென்று, அவர் வாயில் முதலாவதாகப் பிரவேசித்துக்கொண்டிருக்கும். 1965-ல் மவுண்ட் ரோடு புகாரி ஹோட்டல் சிக்கன் 65-ஐ உலகுக்கு அருளிய பிறகு வேறொரு பொரியல் எதற்கு என்ற மூன்றாவது கேள்வி எழுவதற்குள், எலும்பு சங்கு போல் வெளுத்திருக்கும்.

கோபம் அவருக்குப் பசியைத் தூண்டுகிறது என்பதே என் அபிப்பிராயம். திட்டுவதற்கு விஷயமில்லாத வீட்டுச் சமையலில் அவர் இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவதை அவருடைய தர்மபத்தினியே சொல்லக் கேட்டிருக்கிறேன். புரட்டாசி முழுதும் விரதமாதலால் அம்மாதம் அவர் பேச்சிலும் காரமில்லை. கடை வாசலோடு நடந்து போய், உள்ளே கூட்டம் எத்தனை என்று மாத்திரம் எண்ணி வருவார்.

எழுந்து செல்லுமுன் ஒரு கைங்கர்யம் பாக்கியுண்டு.

“தம்பி, அந்த சாஸ் பாக்கெட் இன்னும் நாலு கொடு.”

“எத்தனை சார் வேணும்? ஏற்கெனவே ஆறு கொடுத்தேனே!”

“பில்லைப் பார்த்தாயா? அதற்கு இது நஷ்ட ஈடு.”

சட்டைப் பை புடைக்க வீடு சேரும் அந்த நஷ்ட ஈடு, குளிர்பதனப் பெட்டிக் கதவிலே முட்டை வைக்கும் குழிகளையெல்லாம் ஆக்கிரமித்துக் கிடக்கிறது. திங்கட்கிழமை காலை உப்புமாவுக்குச் சட்னி எங்கே என்று அவர் கேட்டால், அம்மாள் பேசாமல் இரண்டு பாக்கெட்டை எடுத்துத் தட்டருகே வைத்துவிடுகிறாள்.